வாங்கிப் போகாத பேண்ட்கள்

தெருவில் அவளுக்கு ‘நாளைக்கு அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, இருபது வருடமாக அவளிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் கூடி வைத்தது. எப்போது போய் நின்றாலும் “நாளைக்கு வாங்க, முடிச்சு வெச்சிடறேன்” என்பாள். அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும்போது அவளே அதை முழு மனதோடு நம்பினாள். கல்யாண மண்டப வாசலில் கார் வந்து நிற்கும், இவள் இங்கே மணப்பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் கொக்கி இல்லாமல் ஒரு பெண்ணும் மேடை ஏறியதில்லை. அதனால்தான் திட்டிக்கொண்டே எல்லோரும் திரும்பத் திரும்ப அவளிடமே வந்தார்கள்.

கடை என்று தனியாக எதுவும் இல்லை. கீழ் வீட்டின் முன் அறைதான் கடை. மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று, காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்று, துணி வெட்டும் நீள மேஜை, மூலையில் ஒரு இரும்பு பீரோ. அந்த பீரோவில் வாங்கிப் போகாத துணிகள் இருந்தன. பெரும்பாலும் பேண்ட்கள். நீளம் குறைக்கக் கொடுத்துவிட்டு வீடு மாறிப் போனவர்கள், இடுப்பை இறுக்கக் கொடுத்துவிட்டு மறுபடி பெருத்துப் போனவர்கள், கொடுத்ததையே மறந்தவர்கள். பேண்ட் மட்டும் முப்பத்தொன்று.

மாடியில் அவள் நாத்தனார் இருந்தாள். கணவனின் அக்கா, மருந்துக்கடையில் வேலை. எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள். உப்பு தீர்ந்தால்கூட அதற்கு ஒரு சீட்டு இருக்கும். இருவருக்கும் சண்டை எதுவும் கிடையாது, ஆனால் ஒரே அறையில் அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து இருந்ததும் கிடையாது.

அன்று காலை ஏழு மணிச் செய்தியில், கடலில் சுற்றிக்கொண்டிருந்த புயல் திசை மாறிவிட்டது, சாயங்காலமே கரையைக் கடக்கும் என்றார்கள். கணவனுக்கு மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை. விடிவதற்குள் கூப்பிட்டுப் போய்விட்டார்கள். புயல் என்றால் அவன் வீட்டில் இருக்கமாட்டான் என்பது கல்யாணமான முதல் வருடமே அவளுக்குத் தெரிந்த விஷயம். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு முனைக் கடைக்கு ஓடினாள். ரொட்டி, தண்ணீர் கேன், மெழுகுவர்த்தி, பேட்டரி எல்லாம் துடைத்து வழித்தாற்போல் போயிருந்தன. அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நாத்தனார்.

“எங்க இருக்க?”

“கடையில, அண்ணி.”

“என்ன கிடைச்சுது?”

“பெரிய சைஸ் குப்பைப் பை ஒரு ரோல். அப்புறம் மெழுகுவர்த்தி... கேக்குல குத்துவாங்களே, அது.”



“போன வருஷம் லிஸ்ட் எழுதி உன் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினேனே, படிச்சியா?”

“படிக்கலாம்னு இருந்தேன், அண்ணி.”

“சரி விடு. இப்ப திட்டி என்ன ஆகப் போகுது. வீட்டுல இருக்கறத வெச்சு ஆரம்பி. முதல்ல தண்ணி. கரண்ட் போச்சுன்னா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலைன்னா குழாயில காத்துதான் வரும். நான் ரெண்டு மணிக்கு வந்துடறேன்.”

கடைசி நேரம் என்றால் அவளுக்குக் கை தானாக வேகம் எடுக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டாள். குடம், வாளி, குக்கர், சாயம் முக்குகிற அண்டா எல்லாம் நிரம்பின. துணி துவைக்கும் மெஷினின் தொட்டியையும் நிரப்பினாள், அது கழிவறைக்கு. அட்டைப் பெட்டிகளுக்குள் குப்பைப் பையை விரித்து அதிலும் பிடித்தாள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறியதும் காலி பாட்டில்களில் ஊற்றினாள். நாலைந்து பாட்டிலை முக்கால் அளவு மட்டும் நிரப்பி ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தாள். முழுசாக நிரப்பினால் உறையும்போது வெடித்துவிடும். அவை பனிக்கட்டியானால் கரண்ட் போன பிறகும் பால் கொஞ்ச நேரம் தாங்கும். அதே அடுப்பில் முட்டையும் உருளைக்கிழங்கும் வெந்தன. போன் சார்ஜில் கிடந்தது.

பதினொரு மணிக்கு வாசலில் நின்று பார்த்தபோதுதான் வீடு எவ்வளவு தாழ்வு என்று உறைத்தது. தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்தது, வீடு அங்கேயே நின்றது. இப்போது வாசற்படி தெருவைவிட ஒரு சாண் பள்ளம். தெருக் கோடியில் கால்வாய். அது வழிந்தால் தண்ணீருக்கு வேறு வழியே வேண்டாம், நேராக மெஷினுக்கு அடியில்தான் வந்து நிற்கும்.

மணல் இருந்தது. நாலு வீடு தள்ளிக் கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரு குவியல். அங்கிருந்த மேஸ்திரி, “அள்ளிக்கோங்கம்மா, நீங்க எடுக்கலைன்னா மழை எடுத்துக்கும்” என்றார். மூட்டை கட்டத்தான் சாக்கு இல்லை.

பீரோவைத் திறந்தாள்.  எல்லாம் அடுத்தவர் பொருள். இத்தனை வருடத்தில் ஒருவர் பொத்தானைக்கூட அவள் இன்னொருவர் சட்டைக்கு மாற்றித் தைத்ததில்லை. பிறகு மேஜை மேல் கிடந்த நோட்டை எடுத்து, ஒவ்வொரு பேண்டின் நிறத்தையும் கொடுத்தவர் பெயரையும் எழுதிவிட்டு, முதல் பேண்டின் இரண்டு கால் முனைகளையும் மூடித் தைக்க மெஷினில் வைத்தாள். நாலாவது பேண்டில் கரண்ட் போயிற்று. மிதி மெஷினுக்கு மாறி உட்கார்ந்தாள்.

எதிர் வீட்டம்மா குடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தெருவே அவரை ‘டிரைவிங் சார்’ என்றுதான் சொல்லும்.

“என்னக்கா செய்யறீங்க?”

“மணல் மூட்டை. நீங்க எதுவும் ஏற்பாடு பண்ணலியா?”

“அவர்தான் விடமாட்டேங்கறாரே. ‘ரேடியோக்காரனுக்கு வேற வேலை இல்ல, பதறாத’ங்கறார். பிள்ளைங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்துச் சொல்லிக்குடுத்து, வீட்டுலயும் அதே வார்த்தைதான்.”

குடையை மூலையில் சாய்த்துவிட்டு அவளும் மணல் அள்ள வந்தாள். தொடை வரைக்கும் மணல், இடுப்பில் நாடாக் கயிற்றால் ஒரு இறுக்கு. குப்பைப் பையைக் கீழே விரித்து அதன்மேல் பேண்ட்களை அடுக்கினார்கள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், முப்பத்தொரு ஆண்கள் வாசலில் குப்புறப் படுத்துக் கிடப்பது போலிருந்தது. எதிர் வீட்டம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

இரண்டு மணிக்குச் சொன்னபடி நாத்தனார் வந்தாள். கையில் பத்து நாளைக்கான மாத்திரைகள், காயத்துக்குக் கட்டுத்துணி. வாசலைப் பார்த்தாள், பேண்ட்களைத் தாண்டி உள்ளே வந்தாள். மாடிக்குப் போய், மூன்று வருடமாகக் கட்டிக் காத்த அவசரப் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்தாள். டார்ச்சை அழுத்தினாள். எரியவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே பேட்டரி பொங்கி, பச்சைப் பாசி பிடித்தாற்போல் ஒட்டிக் கிடந்தது. நாளைக்கு அக்கா ஜன்னலைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிக்கணும்னா சிரிச்சுடு” என்றாள் நாத்தனார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு நாத்தனார் போனின் விளக்கைப் போட்டு அதன்மேல் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்தாள். அறை முழுக்க வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தில் அடுத்த வேலை: சான்றிதழ், வீட்டுப் பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அது அடங்கும்படி துணிப் பை தைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா வைத்தாள் நாளைக்கு அக்கா. ஆளுக்கு ஒன்று. எதிர் வீட்டம்மாவுக்கும் ஒன்று. கடைசியாக மிஞ்சிய திரைத்துணியையும் உள்பக்கம் வைத்துத் தைக்கிற அஸ்தர் துணியையும் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, மெஷினில் ஓட்டிக் கயிறாக்கினாள். எதற்கென்று கேட்டபோது, “தெரியல, துணி மிச்சம் இருக்கு” என்றாள்.

காற்று பொழுது சாயும்போது வந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஜன்னல் இல்லாத உள் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். போன் சார்ஜைச் சேமிக்க கேக் மெழுகுவர்த்திகளை உருளைக்கிழங்கில் குத்தி ஏற்றினார்கள். ஒன்று மூன்று நிமிடம்தான் எரிகிறது என்று நாத்தனார் நேரம் பார்த்துச் சொன்னாள். வெளியே யாரோ தகர ஷீட்டை ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடுவது போல் சத்தம். கணவன் எந்தக் கம்பத்தடியில் நிற்கிறானோ என்று ஒருத்தி நினைத்தாள். தம்பி சாப்பிட்டானோ என்று இன்னொருத்தி நினைத்தாள். 

விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. தெரு காணாமல் போயிருந்தது. கால்வாய் வழிந்து, செம்மண் நிறத் தண்ணீர் வீட்டுக்கு வீடு நின்றது. பேண்ட்கள் அசையவில்லை. உள்ளே தரை ஈரம்தான், வேறொன்றும் இல்லை. எதிர் வீடு இன்னும் பள்ளம். அதன் உள்ளே தண்ணீர் புகுந்து கட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிரைவிங் சாரும் மனைவியும் வாசல் மேடை மேல் நின்றார்கள். அங்கிருந்து பத்து எட்டு வைத்தால் இந்த வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நடுவில் சாக்கடை, அதன் மூடிப் பலகை போன மாதமே உடைந்தது. கலங்கிய தண்ணீருக்கு அடியில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நாளைக்கு அக்கா முதலில் மேலே பார்த்தாள். கம்பி எதுவும் அறுந்து தொங்கவில்லை. இது கணவன் சொல்லிக் கொடுத்தது: தண்ணீரில் கால் வைக்குமுன் தலைக்கு மேலே பார். பின்னிய கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் சுற்றி நாத்தனார் கையில் கொடுத்தாள். துணி அளக்கும் ஒரு மீட்டர் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஸ்கேலைக் குத்திப் பார்த்து ஓரடி, குத்திப் பார்த்து ஓரடி. ஐந்தாவது தடவை ஸ்கேல் அவள் பிடித்திருந்த இடம் வரைக்கும் உள்ளே போயிற்று. அதை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, பிடிச்சிருக்கீங்களா?”

“பிடிச்சிருக்கேன். நீ நின்னு மூச்சு விடு, அப்புறம் நட.”

மூச்சு விட்டாள். ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போய் எதிர் வீட்டுக் கேட்டை அடைந்து கயிற்றை இறுக்கிக் கட்டினாள். எதிர் வீட்டம்மா, இடுப்பில் பையோடு, கயிற்றைப் பிடித்து அவள் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள். திரும்பிப் போனால் சார் அசையவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“நீச்சலே வேண்டாம் சார். உங்க முழங்கால் தரையிலிருந்து பத்தொம்போதரை இன்ச். தண்ணி பதினாறுதான். நான் அளந்தாச்சு.”

“என் முழங்கால் உனக்கு எப்படித் தெரியும்?”

“அரைக்கால் பேண்ட் தெச்சேனே சார். பதறாம கயிறைப் பிடிச்சுக்கிட்டு வாங்க.”

வந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். வாசலில் பேண்ட் வரிசையைத் தாண்டக் கால் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்மா, இந்தக் காப்பிக் கலர்... என்னோடது மாதிரி இருக்கே?”

“உங்களோடதுதான் சார்.”

“எட்டு மாசம் முன்னாடி இடுப்பைப் பெரிசாக்கக் குடுத்தேன்!”

“பெரிசாக்கிட்டேன் சார். நல்லாப் பாருங்க, எவ்வளவு பெரிசா இருக்கு.”

அவர் கோபப்படத்தான் பார்த்தார். ஆனால் மனைவி உள்ளே மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, ஜன்னலடியிலிருந்து நாத்தனாரும் சிரிக்க, அவருக்கும் உதடு கோணிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே போய் இரண்டு முட்டை சாப்பிட்டார். ரத்த அழுத்த மாத்திரை மனைவியின் இடுப்புப் பையிலிருந்து வந்தபோது கை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் நான்கு பேரும் அந்த வீட்டில் இருந்தார்கள். துவைக்கும் மெஷினிலிருந்து சொம்பில் மொண்டு கழிவறைக்கு எடுத்துப் போகும் வேலையை சார் தானாக ஏற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் கணவன் நடந்தே வந்தான். இடுப்பு வரை சேறு, கண் சிவந்து கிடந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள். இருவரும் ஒருவரையொருவர் மேலிருந்து கீழ் பார்த்துக்கொண்டார்கள், எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று.

“உள்ள தண்ணி வரலியா?” என்றான்.

“வரல.”

“அப்பாடா” என்று மணல் நிரம்பிய ஒரு நீலப் பேண்டின் மேல் உட்கார்ந்தான். அவள் டீ போட்டு எடுத்து வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தான்.

தண்ணீர் வடிந்ததும் பேண்ட்களைப் பிரித்து, கொதிநீரில் அலசி, தெருவின் குறுக்கே காயப் போட்டாள். முப்பத்தொரு பேண்ட் காற்றில் ஆடுவதைப் பார்த்துத்தான் பலருக்குத் தங்கள் பேண்ட் ஞாபகமே வந்தது. திட்டு விழும் என்று பயந்துகொண்டு வாசலிலேயே நின்றாள். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு, ‘இது வெள்ளத்தைத் தடுத்த பேண்ட்’ என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிப் போட்டுக்கொண்டார்கள்.

அதைவிட அதிகமாகக் கேட்டு வந்தது இடுப்புப் பை. எதிர் வீட்டம்மா காட்டாத ஆள் இல்லை. தெருவுக்கே வேண்டும் என்றார்கள், பக்கத்துத் தெருவும் சேர்ந்துகொண்டது. மீந்த துணி, பழைய திரை, கிழிந்த குடை என்று ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். நாத்தனார் மருந்துக்கடை முடிந்ததும் நேரே முன் அறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். பைக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று சீட்டு எழுதுவாள். பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல், கத்தரிக்கோலைக் கேட்பாள்.

எவ்வளவு கோடு போட்டுக் கொடுத்தாலும் அவளுக்கு நேராக வெட்ட வரவில்லை. பத்துத் துண்டில் எட்டு கோணல். “சரியா வெட்டியிருக்கேனா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள்.

“கச்சிதம், அண்ணி” என்பாள் இவள். அவள் மாடி ஏறிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், துண்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, சத்தம் வராமல் ஓரத்தை நேர் செய்து வைப்பாள்.