தூத்துக்குடியிலிருந்து நேராக லண்டன்

தூத்துக்குடியிலிருந்து யார் எந்த நாட்டுக்குப் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், எந்த மாதத்தில் திரும்பி வருகிறார்கள் என்பதெல்லாம் அரசாங்கத்துக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. சாயர்புரத்து ஜெப்ஸிக்கு முழுவதும் தெரியும்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் அவருடைய டிக்கெட் ஆபீஸ். கல்லூரியில் கணிதம் படித்தவர் என்பதால், டிக்கெட் போட்டுக் கொடுப்பதோடு விடமாட்டார். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே போன காரணத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பார். கப்பல், படிப்பு, வேலை, பேறுகாலம், கல்யாணம், சும்மா என்று ஆறு காரணங்கள். பத்தொன்பது வருடத்தில் ‘சும்மா’ போனவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் நானும் ஒருவன்.

வாகைக்குளம் விமான நிலையத்தில் ஓடுபாதையை நீட்டி, புது முனையமும் கட்டித் திறந்த பிறகு ஊருக்கு ஒரு காய்ச்சல் பிடித்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வந்த சின்ன விமானங்களைப் பார்த்தவர்களுக்கு இப்போது அவை பெரிதாகத் தெரியவில்லை. இவ்வளவு நீளமான ஓடுபாதையை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்கு விமானம் விடாமல் இருப்பது ஊருக்கே கேவலம் என்று இறால் ஏற்றுமதி செய்யும் செல்வதுரை அண்ணாச்சி பேசினார். மறுவாரமே ‘நேரடிப் பன்னாட்டு விமானப் போராட்டக் குழு’ உருவானது. அண்ணாச்சி தலைவர். கப்பல் ஏஜென்சி நடத்தும் டிக்சன் செயலாளர்.

எந்த நாட்டுக்கு விமானம் கேட்பது என்பதில்தான் முதல் சிக்கல். டிக்சன் டொராண்டோ என்றார். அவர் மகள் அங்கே இருக்கிறாள். இரும்புக்கடைக்காரர் ஒருவர் மெல்பர்ன் என்றார். அவருக்கு அங்கே மகன். பொருளாளர் ஜெர்மனி என்றார். அவருக்கு அங்கே யாரும் இல்லை, சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். மூன்று கூட்டம் நடந்து கடைசியில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். அண்ணாச்சியின் இரண்டு மகன்களும் லண்டனில் இருந்ததால் லண்டன் ஜெயித்தது.

இந்தச் சமயத்தில் சென்னையில் புதிதாகத் தொடங்கிய விமான நிறுவனம் ஒன்று, நிற்காமல் ஐரோப்பா வரை பறக்கக்கூடிய விமானங்களை வாங்கியிருப்பதாகவும், தெற்கே மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு அதில் ஒன்றிலிருந்து லண்டனுக்கு விடப்போவதாகவும் செய்தி வந்தது. மூன்றில் ஒன்று தூத்துக்குடி. குழு பதினோராயிரம் கையெழுத்து வாங்கியது. மீன் ஏலக்கூடத்தில் மட்டும் ஒரே காலையில் இரண்டாயிரம். கையெழுத்துப் போட்டவர்களில் பாஸ்போர்ட் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அண்ணாச்சி மாடியேறி ஜெப்ஸியின் ஆபீசுக்கு வந்தார்.

“ஜெப்ஸிம்மா, லண்டனுக்கு எத்தனை பேரு போறாவ?”

“நம்ம ஆபீசுல எட்டு பேரு அண்ணாச்சி. மத்த ஆபீசு, சொந்தமா போன்ல போடுதவுக எல்லாத்தையும் சேத்தா அறுபது வரும்.”

“நாளைக்கு அறுபதா?”

“வாரத்துக்கு.”

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். “அப்ப ஏழால பெருக்கிப் போடு.”

“பெருக்குனா நானூத்தி இருவது வரும். ஆளு அறுபதுதான அண்ணாச்சி இருக்காவ?”

“மொதல்ல பிளேன் வரட்டும்மா. ஆளு தன்னால வரும்.”

ஜெப்ஸி ஒத்துக்கொள்ளவில்லை. தன் ஆபீஸ் பெயர் போடாமல் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். குழுவே அறிக்கை எழுதி அச்சுக்குக் கொடுத்தது. அச்சாகி வந்தபோது நானூற்று இருபது, நாலாயிரத்து இருநூறு ஆகியிருந்தது. அச்சகத்தில் ஒரு சைபர் தவறுதலாக விழுந்துவிட்டது. பார்க்க நன்றாக இருந்ததால் அதை யாரும் திருத்தவில்லை.

நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரியின் பெயர் பாலகணேஷ். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பக்கத்து ஆறுமுகநேரிக்காரர் என்று தெரிந்ததும் குழுவுக்குப் பாதி விமானம் இறங்கிவிட்ட மாதிரி சந்தோஷம். ஓட்டல் மண்டபத்தில் வரவேற்பு. நானும் பின்வரிசையில் இருந்தேன். அவருக்கு ஒன்பது பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்பதாவது போர்த்தும்போது ஆளே தெரியவில்லை.

பொன்னாடைகளை மடித்து வைத்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார்.

“எங்க விமானத்துல நூத்தி எண்பத்தாறு சீட்டு. வாரத்துக்கு நாலு நாள் போய்ட்டு வரணும். ரெண்டு பக்கமும் சேத்து கிட்டத்தட்ட ஆயிரத்து ஐநூறு சீட்டு. போறவங்களை மட்டும் வச்சு விமானம் விட முடியாது, வாரவங்களும் வேணும். இங்க வாரவங்க எப்ப வருவாங்க?”

“கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வந்துருவாவ!” என்று டிக்சன் பெருமையோடு சொன்னார்.

“எல்லாரும் டிசம்பர்ல வந்தா லண்டன்ல இருந்து நிறைஞ்சு வரும். இங்க இருந்து காலியாத்தான் போகணும். ஜனவரியில அவங்க திரும்பிப் போகும்போது அங்க இருந்து காலியா வரணும். மத்த பத்து மாசம்?”

“ஒரு பக்கமாவது நிறையுதுல்லா” என்றார் அண்ணாச்சி.

அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்து, விமானத்தின் முன்பகுதியில் பதினாறு அகலமான இருக்கைகள் உண்டு என்றும், நீண்ட தூரத்து விமானம் லாபம் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பதினாறில்தான் என்றும் விளக்கினார். அதில் எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டார். மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. காபி கொடுத்துக்கொண்டிருந்தவரும் தட்டை ஒரு கைக்கு மாற்றிவிட்டு மறு கையைத் தூக்கினார். “கட்டணம் சாதா சீட்டைப் போல நாலு மடங்கு இருக்கும்” என்று அதிகாரி சொன்னார். உயர்ந்த கைகளில் சில தலையைச் சொறிந்தன, சில முடியைக் கோதின. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கைகளுக்கும் வேறு வேலை கிடைத்துவிட்டது.

“சரி, சரக்கு? ஆளுங்களுக்குக் கீழ விமானத்தோட வயித்துல சரக்கு ஏத்துவோம். அதுல வாரது பெரிய வருமானம்.”

அண்ணாச்சி எழுந்து நின்றார். “இறாலு இருக்கு. எத்தனை டன் வேணும், சொல்லுங்க.”

“இப்ப எப்படி அனுப்புறீங்க?”

“ஐஸ் கட்டி கன்டெய்னர்ல, கப்பல்ல.”

“விமானத்துல அனுப்புவீங்களா?”

அண்ணாச்சி பதில் யோசிப்பதற்குள் டிக்சனுக்குத் தொழில் அபிமானம் பொங்கிவிட்டது. “இம்புட்டுப் பெரிய துறைமுகத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவன் சார் பிளேன்ல அனுப்புவான்? துட்டு என்னத்துக்கு ஆகும்!” என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தான் எந்தக் குழுவுக்குச் செயலாளர் என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

பாலகணேஷ் அச்சடித்த அறிக்கையைக் கையில் எடுத்தார். “வாரத்துக்கு நாலாயிரத்து இருநூறு பேர்னு போட்டிருக்கு. இது யார் எடுத்த கணக்கு?”

மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணாச்சியின் விரல் மூன்றாவது வரிசைக்கு நீண்டது. “இந்த ஜெப்ஸிம்மாதான். இருவது வருசமா டிக்கெட் போடுதாவ. அவுகளுக்குத் தெரியாத கணக்கு இல்ல.”

மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஜெப்ஸியின் வாடிக்கையாளர்கள். அவர் எழுந்து, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அறுபது சார்” என்றார்.

“அறுபதா?”

“வாரத்துக்கு அறுபது. அதுலயும் படிக்கப் போற பிள்ளைக செப்டம்பர்ல மொத்தமாப் போகும், திரும்பி வாரதுக்கு ரெண்டு வருசம் ஆகும். மக பேறுகாலத்துக்குப் போற அம்மாமாரு ஆறு மாசம் அங்கயே இருந்துருவாவ. அது எந்த மாசம்னு நாம சொல்ல முடியாது. அகலமான சீட்டு இதுவரைக்கும் நாலு வித்திருக்கேன். அதுல ஒண்ணு காலு முறிஞ்சவருக்கு.”

மண்டபத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. ஜெப்ஸி உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

“ஆனா கப்பல்காரங்க இருக்காங்க சார். இந்தக் கரையில இருந்து கப்பல் வேலைக்குப் போறவுக மாசத்துக்கு முந்நூறு பேருக்கு மேல. ராட்டர்டாம், ஹாம்பர்க், சவுத்தாம்டன்னு கப்பல் நிக்குற ஊருக்குப் போவாங்க, லண்டன்ல இறங்கி மாறிக்கலாம். பன்னெண்டு மாசமும் போவாங்க. டிக்கெட் கம்பெனி எடுக்கும், ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் எடுக்கும். ஒருத்தர் போயி ஏறுனாத்தான் அங்க இருக்குறவரு இறங்கி ஊருக்கு வர முடியும். அதனால போற கணக்கும் வார கணக்கும் ஒண்ணாத்தான் இருக்கும்.”

பேனாவை மூடியில் சொருகிவிட்டிருந்த பாலகணேஷ் அதை வெளியே எடுத்தார். “அக்கா, அந்தக் கணக்கை எனக்கு அனுப்ப முடியுமா?”

“கப்பல்ல பெயின்ட் அடிக்கப் போறவனுக்கா நாங்க பிளேன் கேட்டோம்?” என்று மேடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த இரும்புக்கடைக்காரர்தான்.

அன்று மாலைக்குள் ஜெப்ஸி ஊர்த்துரோகி ஆகிவிட்டார். குழுவின் வாட்ஸப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். இன்னொருவர், நீக்கும்போது தான் இல்லையே என்ற வருத்தத்தில், அவரை மறுபடி சேர்த்துத் தன் கையால் நீக்கினார். ஒன்பது குடும்பங்கள் டிக்கெட்டை வேறு ஆபீசுக்கு மாற்றின. மாடிப்படியில் ஆள் ஏறும் சத்தம் குறைந்தது.

அவருடைய கணவர் நேசக்குமார் பள்ளிக்கூட வாத்தியார். கோபம் வந்தாலும் சத்தம் போடத் தெரியாதவர்.

“ஏளா, ஊரே பெருசாச் சொல்லுதப்ப நீ எதுக்குச் சின்னதாச் சொன்ன?”

“அவரு கேட்டாரு. சொன்னேன்.”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா.”

“தெரியுமேங்க” என்றார் ஜெப்ஸி. ஆனால் விமான நிறுவனத்தின் முடிவு வரும் வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று நேசக்குமார் என்னிடம் சொன்னார். ஆபீசை மூடிவிட்டு எங்காவது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போய்விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. லண்டன் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து. ஜெப்ஸியை பாலகணேஷே போனில் அழைத்துச் சொன்னார்.

“அங்க நர்ஸுங்க வருஷம் முழுக்கப் போய்ட்டு வாராங்கக்கா. அது மட்டும் வச்சுப் பாத்தா சீட்டு முக்கால்வாசிதான் நிறைஞ்சுது, எங்க மேலிடம் இழுத்துக்கிட்டே இருந்தாங்க. உங்க கப்பல்காரங்க கணக்கைச் சேத்ததும் நிறைஞ்சிருச்சு.”

“அப்ப எங்க ஊருக்கு ஒண்ணும் இல்லையா தம்பி?”

“இருக்கே. உங்க ஊருக்கும் விமான நம்பர் குடுத்திருக்கோம்.”

கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த நம்பர் ஒரு பஸ்ஸுக்கு. தூத்துக்குடியிலேயே பயணிகளின் பெட்டியை வாங்கி லண்டன் வரைக்கும் சீட்டு ஒட்டிவிடுவார்கள். குளிர்சாதன பஸ்ஸில் திருவனந்தபுரம். அங்கிருந்து விமானம். டிக்கெட் ஒன்றுதான். அந்த டிக்கெட்டில் ‘தூத்துக்குடி – லண்டன்’ என்றே அச்சடித்திருக்கும். பெட்டி வாங்கும் கவுன்டரை நடத்த ஜெப்ஸியின் ஆபீசைக் கேட்டிருந்தார்கள்.

குழு இரண்டு நாள் துக்கத்தில் இருந்தது. மூன்றாம் நாள் டிக்சன் அந்த டிக்கெட்டின் மாதிரியைப் பார்த்தார். அதில் இருந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினார். அன்றைக்கே ஊரெங்கும் பேனர் ஏறியது: ‘தூத்துக்குடி – லண்டன் சேவை! போராட்டக் குழுவின் மகத்தான வெற்றி!’ பேனரில் விமானம் மேகத்துக்கு நடுவே பறந்தது. பஸ்ஸின் படம் எந்த மூலையிலும் இல்லை.

தொடக்க விழாவில் அண்ணாச்சி கொடியசைத்தார். ஒலிபெருக்கியில் பேசியவர் பஸ்ஸைக் காட்டி, “இதோ நமது விமானம்!” என்று மூன்று முறை முழங்கினார். முதல் பயணத்தில் முப்பத்தொரு பேர். இருபத்தாறு பேர் கப்பல்காரர்கள், நான்கு பேர் பேறுகாலத்து அம்மாக்கள், ஒரு மாணவி. குழுவினர் மாலையோடு பஸ்ஸில் ஏறி வாகைக்குளம் வரை வந்தார்கள். அங்கே புது முனையத்துக்கு முன்னால் இறங்கிக் குழுவாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை இறக்கிவிட்டு, லண்டன் போகும் பஸ் நீளமான ஓடுபாதையைத் தாண்டித் திருநெல்வேலி சாலையில் போய்விட்டது.

விட்டுப்போன ஒன்பது குடும்பங்களில் ஏழு, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருநாள் அண்ணாச்சியே மாடியேறி வந்தார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. பெரிய மகன் வீட்டுக்குப் போக இரண்டு டிக்கெட் கேட்டார்.

“எந்தச் சீட்டு அண்ணாச்சி, முன்னாலயா பின்னாலயா?”

“பின்னாலயே போடும்மா. முன்னால போனாலும் அதே நேரத்துலதான இறங்கணும்?” என்றார். ஜெப்ஸி சிரிக்காமல் டிக்கெட் போட்டார். அவர் பெயருக்கு நேரே காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேறுகாலம் என்று எழுதினார். மருமகளுக்கு அது எட்டாம் மாதம்.

இப்போது வாரத்துக்கு நான்கு நாள் கவுன்டர் திறக்கிறது. பெட்டி எடை பார்க்க முத்தையாபுரத்துப் பானுப்ரியாவை வேலைக்கு வைத்திருக்கிறார். நேசக்குமார் விடுமுறை நாளில் வந்து, வரிசையில் நிற்கும் அம்மாக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். போன வாரம் நான் அங்கே நின்றபோது, லண்டன் வழியாக ராட்டர்டாமுக்கு முதல் தடவையாகப் போகும் ஒரு கப்பல்காரர் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் அழுத்திப் பிடித்தபடி, “அக்கா, டேக் ஆஃப் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“ஆறு பத்துக்கு” என்றார் ஜெப்ஸி, சன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்து. “டிரைவர் டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு. முடிச்சதும் கிளம்பிரும்.”