பொன்னி பார்த்த சடையாண்டி

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் பின்கட்டில் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவள் பொன்னி. நாற்பதை நெருங்கிவிட்டாள். சிறுவயது முதலே திக்குவாய். வீட்டில் புருஷனிடம் கையை ஆட்டிச் சொல்லிவிடுவாள். கடையில் தலையசைப்போடு சரி.

அன்று மத்தியானம் சாப்பாடானதும், சின்ன வயதில் டிவியில் யாருக்கு எது பிடிக்கும் என்று பேச்சு வந்தது. கூட வேலை செய்யும் எஸ்தர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பொன்னி வாயைத் திறந்ததே எல்லாருக்கும் ஆச்சரியம்.

"ச... சடையாண்டி. ஞாயித்துக்கெழம வருவான்."

உள்ளூர் கேபிளில் வந்த சிரிப்புத் தொடர் அது. அதில் வேலைக்காரன் சடையாண்டிக்கும் திக்குவாய். பொன்னி வீட்டில் அப்போது டிவி கிடையாது, எதிர்வீட்டு உமாபதி வீட்டில் போய்ப் பார்ப்பாள். சடையாண்டி பேச ஆரம்பித்ததுமே கூடமே சிரிப்பில் குலுங்கும். தன்னைப் போலப் பேசுகிற ஒருவன் வாயைத் திறந்தால் இத்தனை பேருக்குச் சந்தோஷமா என்று அவளுக்குப் பூரிப்பாக இருக்கும். தொடர் முடிந்ததும் உமாபதி அவளை நடுவில் நிறுத்தி, "சடையாண்டி சொன்னத இப்ப நீ சொல்லும்மா" என்பார். சொல்வாள். கை நிறைய முறுக்கு கிடைக்கும். அவள் பேசி முடிக்கும்வரை மனிதர்கள் காத்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

எஸ்தர் யூடியூபில் தேடி எடுத்துவிட்டாள். எல்லாரும் தலையைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

சடையாண்டி "ஐ... ஐயா" என்றான். முதலாளி கரண்டியால் மண்டையில் அடித்தார். மறுபடி ஆரம்பித்தான். முதலாளியம்மா முகத்தில் கழுநீரை ஊற்றினாள். ஒவ்வொரு திக்கலுக்கும் ஒரு தவில் அடி. அவன் சொல்ல வந்தது கடைசிவரை வெளியே வரவே இல்லை. அந்த அடியும் கழுநீரும் பொன்னிக்கு நினைவிலேயே இல்லை. இத்தனை வருஷமும் சிரிப்புச் சத்தத்தை மட்டும் வைத்திருந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில், உமாபதியின் மகள் சுகாசினி நடத்தும் பாத்திரக்கடையில் ஏறினாள். உமாபதி இறந்து வெகுகாலம் ஆகிறது.

"அ... அன்னிக்கி எல்லாரும் எ... என்னப் பாத்தா சிரிச்சீங்க?"

சுகாசினிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பின்ன? உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன். சொந்தக்காரங்க வந்தாங்கன்னா, அந்த எதிர்வூட்டுப் பொண்ணக் கூட்டியாங்கன்னு அப்பாவே ஆளனுப்புவாரு. சடையாண்டிய விட நீ ஜோரா பண்றேன்னு சொல்வாரு." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அனு, இங்க வாம்மா. நான் சொல்லிக்கினே இருப்பேன்ல, அவங்கதான் இவங்க."

அனு சுகாசினியின் மகள், கல்லூரிக்குப் போகிற பெண். வந்து நின்று பொன்னியின் வாயையே பார்த்தாள். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தாள் பொன்னி. "போ... போ..." அதற்குமேல் நகரவில்லை. அனு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"பெரியவங்களப் பாத்து அப்டிச் சிரிக்கக் கூடாது" என்றாள் சுகாசினி, தானும் சிரித்துக்கொண்டே.

மறுநாள் எஸ்தர் போனை நீட்டினாள். "இன்னொரு எபிசோடு போடட்டா, சடையாண்டியக்கா?"

அவள் பாசமாகத்தான் கூப்பிட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வாரம் திரும்புவதற்குள் பட்டுக்கடை முதலாளியும், சேலை எடுக்க வந்தவர்கள் எதிரிலேயே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல ஒருமுறை வாயெடுத்தாள் பொன்னி. "வே..." என்றதும் மேஜையில் யாரோ தவில்போலத் தட்டினார்கள். பின்கட்டு முழுக்கச் சிரித்தது.

இப்போது அவள் எதுவும் சொல்வதில்லை. சடையாண்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.