விக்டோரியா பார்த்த நாடகங்கள்

கும்மிடிப்பூண்டி அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கிய பாக்கியநாதனின் மூத்த மகள் விக்டோரியா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அதே ஆலையின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கௌரவமான வேலைதான். டைப் அடிக்கிற கடிதமெல்லாம் தவிட்டைப் பற்றியே இருந்ததுதான் அவளுக்கு அலுப்பு.

1964 கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் நாடகம் போட்டார்கள். தவிட்டைத் தவிர வேறு எதையாவது எழுதினால் தேவலை என்று இருந்த விக்டோரியா, பார்த்ததை எழுதி 'மேடை விளக்கு' என்ற மெட்ராஸ் வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தாள். 'ஏரோது ராஜா கம்பீரமாக நடித்தார். மரியாளுக்குச் சேதி சொல்ல வந்த தேவதூதர் மட்டும் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பரலோகத்துக்கு எத்தனை மணிக்குக் கடைசி வண்டியோ தெரியவில்லை.'

பொங்கலுக்கு முன்பே அது அச்சில் வந்துவிட்டது. தேவதூதராக நடித்தவர் பாதிரியாரின் மைத்துனர். ஊரில் யாரும் படித்துவிடக் கூடாதென்று, ஸ்டேஷனுக்கு வெளியே பெட்டிக்கடை வைத்திருந்த கன்னியம்மாவிடம் போய், தொங்கிய பிரதிகள் அத்தனையையும் வாங்கிப்போனார். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகை ஏஜெண்டைப் பார்த்ததும், "இன்னா எழுதிக்கிறாங்கோன்னு தெரில. இன்னொரு கட்டு போடுப்பா" என்றாள். அந்தக் கட்டையும் தேவதூதரே வாங்கினார்.

பத்திரிகை ஆசிரியர் ராமபத்ரன் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். கும்மிடிப்பூண்டியில் பத்திரிகை விற்கிறது என்பதை நம்ப முடியாமல் ரயிலேறி ஆலைக்கே வந்துவிட்டார்.

"நீ யாரைத் திட்டறியோ அவாளே மொத்தமா வாங்கிடறாம்மா. இனிமே வாசகரே வேண்டாம் போலிருக்கு. வாராவாரம் எழுது."

"நான் திட்டலீங்க சார். பாத்தத எழுதுனேன்."

"அதையேதான் செய்யச் சொல்றேன்!"

இப்படித்தான் விக்டோரியா கலை விமர்சகி ஆனாள். சனி ஞாயிறுகளில் ஊத்துக்கோட்டை, பொன்னேரி, திருவள்ளூர் என்று பஸ் ஏறினாள். அவள் தலை தெரிந்தாலே முன்வரிசையில் நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். சோடாவைக் குடித்துவிட்டு, பார்த்ததை எழுதுவாள். மறுவாரம் யாராவது வீட்டு வாசலில் வந்து கத்துவார்கள்.

"பொண்ணு கேட்டு நாலு பேரு வருவாங்கோன்னு பாத்துக்கினு இருந்தா, சண்டைக்கில்ல வர்றானுங்கோ" என்று அம்மா மேரி அலுத்துக்கொள்வாள்.

ஸ்ரீராமநவமிக்குத் திருவள்ளூரில் எம்பார் பாகவதர் கதாகாலட்சேபம் செய்தார். அனுமன் இலங்கைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாகவதர் சற்றுத் தூங்கி எழுந்தார் என்று விக்டோரியா எழுதினாள். எம்பார் குடையும் கோபமுமாக ஆலைக்கு வந்து நின்றார்.

"தூங்கலைம்மா. கண்ணை மூடிண்டு ராமனை நெனைச்சிண்டிருந்தேன்."

"கொறட்டை கேட்டுச்சே சாமி."

"எவ்வளவு தூரத்துல உக்காந்திருந்தே?"

"முன்னாடி எடமில்ல, கடேசில. மைக்ல கேட்டுச்சு."

எம்பாரின் முகம் மாறியது. "மைக்லயா?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவருஷம் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மனமகிழ் மன்றம், மன்றத்துக்கொரு நாடகம். லேத் ஓட்டிய சின்னராசு என்பவன் தன் கூட்டாளிகளை வைத்து 'ரெண்டாவது ஷிஃப்ட்' என்று ஒன்று போட்டான். கதாநாயகன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்த கையோடு தூங்கிவிழுகிற காட்சி வந்தது. கூட்டம் சிரித்துப் புரண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியநாதன், "நம்ம ஊட்ல நடக்கறது இவனுக்கு எப்டிம்மா தெரியும்?" என்று மகளிடம் கேட்டார். விக்டோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வாரம் குறையே சொல்லாமல் எழுதினாள். பத்திரிகை விற்கவில்லை. ஒரே ஒரு பிரதி மூன்று ஷிஃப்டுக்கும் கைமாறிக் கிழிந்தது. ராமபத்ரன் ஆலைக்குப் போன் போட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரித்தார். அடுத்து சின்னராசுவே வந்தான்.

"இன்னாக்கா, இப்டி பேஜாரு பண்ணிட்டீங்க? பிரியாணி வாங்கிக் குடுத்து எழுத வெச்சோம்னு பசங்க ஓட்றானுங்கோ. ஒரு கொறையாவது எழுதக்கூடாதா?"

"இருந்தாத்தானேப்பா எழுத முடியும்?"

"மறுபடி போடறோம். வந்து நல்லா தேடிப் பாருங்கக்கா."

போனாள். அன்றைக்கு அட்டையில் செய்த பாய்லர் சரிந்து ஃபோர்மேனாக நடித்தவர் மேல் விழுந்தது. வெளியே இரண்டு பூட்ஸ் மட்டுமே தெரிந்தன. மேடையில் இருந்தவர்கள் உறைந்து நிற்க, சின்னராசு குனிந்து பார்த்து, "லீவ் லெட்டர் குடுக்காமயே சார் படுத்துக்கினாரு" என்றான். அட்டைக்குள்ளிருந்து, "ஆஃப் டே போட்டுக்கடா" என்று குரல் வந்தது. கூட்டம் அடங்கவே இல்லை.

விக்டோரியா ஒன்றையும் விடாமல் எழுதினாள். அந்த இதழை ஊரே வாங்கியது. நாடகத்துக்கு எல்லா இடத்திலிருந்தும் அழைப்பு வந்தது. ஊத்துக்கோட்டைக்காரர்கள் பாய்லர் கட்டாயம் விழ வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்கள். கயிறு கட்டி இழுத்து விழவைத்தான் சின்னராசு. ஒருவரும் சிரிக்கவில்லை. அதையும் விக்டோரியா எழுதினாள். சின்னராசு கோபித்துக்கொள்ளாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

1978-ல் அவள் கட்டுரைகளைத் தொகுத்து ராமபத்ரன் புத்தகமாகப் போட்டார். திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெளியீடு. புத்தகத்தில் இருந்தவர்கள் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். இல்லாதவர்களுக்குத்தான் இன்னும் கோபம். அத்திப்பட்டு நாடக மன்றச் செயலாளர் மேடைக்கே ஏறிவந்துவிட்டார்.

"எங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லியே மேடம்! அவ்ளோ கேவலமாவா நடிக்கறோம்?"

"அவ்ளோ கேவலமா நடிச்சிருந்தா மறந்திருக்க மாட்டேனே சார்" என்றாள் விக்டோரியா.

அது பாராட்டா இல்லையா என்று அவர் சற்று யோசித்தார். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை புது நாடகம், அவசியம் வர வேண்டும் என்று பலமாகக் கூப்பிட்டார். ஞாயிறன்று அத்திப்பட்டில் நல்ல மழை. பாதிக் கூட்டம் எழுந்து ஓடிவிட்டது. விக்டோரியா குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிக் காட்சிவரை பார்த்தாள்.