ஆறு தின்ற வெள்ளி

உரைகல்லில் இரண்டு கோடுகள். ஒன்று நல்ல மஞ்சள். மற்றது வெளிறிய மஞ்சள், மோரில் மஞ்சள்தூள் கரைத்ததுபோல. இரண்டும் ஒரே பொன்கட்டியை உரசி வந்தவை. கொட்டாரம் ஊரில் என் மைனியின் வீட்டு முன்னறையில், அவள் மகளின் கல்யாணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, இரண்டு வீட்டாரும் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

மைனி என் அண்ணனின் மனைவி. அண்ணன் மலையாளக் கரையில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கே ஆற்று மணலை அரித்துப் பொன் எடுப்பவர்களிடமிருந்து மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டியை வாங்கி, மகளுக்கென்று வைத்திருந்தார். அதை உருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆறு உருட்டித் தந்த வடிவத்திலேயே அது இருக்கட்டும் என்பார். மகளின் கல்யாணத்தைப் பார்க்காமலே இறந்துபோனார். அந்தக் கட்டியை அப்படியே நெக்லஸின் நடுவில் பதித்து மகளுக்குப் போட மைனி ஆசைப்பட்டாள்.

பெண்ணின் நகையைச் சோதிக்க வரும் மாப்பிள்ளை வீட்டார் அதைச் சோதனை என்று சொல்ல மாட்டார்கள். காப்பி குடிக்க வந்தோம் என்பார்கள். கூடவே "நம்ம ஆளு" என்று ஒருவர் வருவார்; அவர் நகைக்கடைக்காரராக இருப்பார். பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பாராதவர்கள் அவள் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவனிடம்கூட இதைவிட நேர்மை உண்டு. இன்று இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. அன்று எரியவில்லை. பெண் வீட்டுப் பெரிய மனிதனாக உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

அன்று அப்படி வந்த கடைக்காரர் கட்டியை முதலில் மேலே உரசினார். மஞ்சள் கோடு. தலையாட்டினார். பிறகு, யாரிடமும் கேட்காமல், சிற்றுளியை வைத்து அதை இரண்டாக வெட்டினார். உட்புறத்தை உரசினார்.

"தொலி தங்கம், கொட்டை வெள்ளி! மாங்கா மாதிரில்லா இருக்கு மக்கா!"

மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்தார். "செத்த மனுசன் முலாம் பூசதுல கெட்டிக்காரராக்கும்."

மைனி என் பக்கம் திரும்பினாள். நான் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். "தம்பி, நீ படிச்சவன்லா. சொல்லு. ஒனக்க அண்ணன் கள்ளம் காட்டுவாரா?"

பொன் மண்ணில் தூய்மையாகவே கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். ஆற்றுப் பொன்னை அதற்கு முன் நான் கையில் தொட்டதே இல்லை. தெரியாது என்று சொல்லப் பேராசிரியனின் நாக்கு எழவில்லை.

"கலந்ததுதான் மைனி. இயற்கையில இப்படி வராது."

வரும். இப்படித்தான் வரும். பூமியின் ஆழத்தில் கொதிக்கும் நீர் பொன்னையும் வெள்ளியையும் சேர்த்தே கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் ஏறுகிறது. நீர் ஆறும்போது இரண்டும் ஒன்றாகவே படிகின்றன. இரண்டின் அணுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது தாராளமாக உட்கார்ந்துகொள்ளும். செம்பின் அணு சிறியது. அது அவ்வளவு எளிதாக ஒட்டாது, அதனால் மண்ணின் பொன்னில் பெரும்பாலும் கொஞ்சமாகவே இருக்கும். பிறகு பாறை சிதைந்து கட்டி ஆற்றில் விழுகிறது. நெடுங்காலம் ஓடும் நீர் அதன் மேற்பரப்பிலிருந்து வெள்ளியை மட்டும் கரைத்துத் தின்றுவிடுகிறது. மேலே தூய பொன் தோலாக மிஞ்சுகிறது. உள்ளே பழைய கலப்பு அப்படியே நிற்கிறது. அண்ணனின் கட்டிக்கு முலாம் பூசியது ஆறு.

இதை நான் ஒரு நிலவியல் நூலில் படித்தபோது மைனி உயிரோடு இருந்தாள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் பார்ப்பேன். என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த வாசல் வழியாகப் போவாள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரில் என் மதிப்பு போய்விடுமே என்று சொல்லவில்லை. இதற்கு நான் வேறு காரணம் எதுவும் வைத்திருக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. ஆனால் குளச்சலில் புகுந்த வீட்டில் என் அண்ணன் மகளுக்கு "முலாம்காரன் மவ" என்று பெயர். குழம்பில் உப்புக் குறைந்தாலும் அந்தப் பெயர்தான். மைனி அதைக் கேட்டுக்கொண்டே செத்தாள்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் குளச்சலுக்குப் போனேன். அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கையைத் துடைத்தாள்.

"எனக்கு அப்பாவைத் தெரியும் சித்தப்பா. எனக்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? வெளிய இருக்காரே, அவருட்ட சொல்லுங்க."

முன்னறையில் அவள் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் தாளை மடிக்கவும் இல்லை.

"அதெல்லாம் பழைய கதை மாமா. எப்படிப் பாத்தாலும் வெள்ளி கலந்ததுதானே?"

அவர் மணிக்கட்டில் சிவப்பேறிய பொன்னில் ஒரு தடித்த சங்கிலி கிடந்தது. அந்த நிறத்தைத்தான் எங்கள் ஊரில் நல்ல பொன் என்று கொண்டாடுகிறார்கள். வாழ்நாளில் யாரிடமும் சத்தம் போடாத நான் கத்தினேன்.

"ஒம்ம கையில கெடக்கதுல செம்பு இருக்கு வே! அது மனுசன் கலந்தது. எனக்க அண்ணன் வச்சிருந்ததுல வெள்ளியைக் கலந்தது பூமி. அவரு கள்ளனில்ல. தெரியாம உளறின நாந்தான் கள்ளன்!"

மாடிப்படியில் அவர்களுடைய மருமகள் வந்து நின்றாள். வாசலில் மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. உட்காரப் போனேன்.

அடுக்களை வாசலிலிருந்து என் அண்ணன் மகளின் குரல் வந்தது.

"நிறுத்தாதீங்க சித்தப்பா. முதல்ல இருந்து சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டு."