மூன்றாவது கிளை

எங்கள் வீட்டில் மருதாணிக்கு ஈர்க்குச்சி எடுப்பதில்லை. விழுதைக் குழைவாக அரைத்து ஒருத்தி உள்ளங்கையில் அப்புவோம். இன்னொருத்தி தன் கையை அதன்மேல் அமுக்கிப் பிரிப்பாள். பிரிக்கும்போது ஓரத்திலிருந்து காற்று நுழையும். நுழைந்த வழியெல்லாம் விழுது ஒதுங்கி, பவளப்பாறை மாதிரி கிளைகிளையாக நிற்கும். இரண்டு கையிலும் ஒரே கிளை; அடுத்த ஜோடிக்கு வேறு கிளை. அப்படியே காயவிட்டால் சிவந்து பிடிக்கும். அந்த அழகை வேறெந்த வீட்டிலும் நான் கண்டதில்லை.

என் லாத்தாவுக்கு மாப்பிள்ளை இலங்கையில் கடை வைத்திருந்தார். அவரிடம் போக அவள் கடலேறுவதற்கு முந்தின நாள், அக்காளும் தங்கையுமாகக் கை சேர்த்தோம்.

"மெதுவா எடு புள்ள. வெடுக்குனு இழுத்தா பொடிப்பொடியாக் கிளைச்சுப் போகும்."

"உன் கையப் பாக்க மச்சான் இருக்காரு. என் கைய யாரு பாக்கப் போறா?" என்று வெடுக்கென்றே இழுத்தேன். சிரித்தாள்.

லாத்தாவோடு அதே வத்தைப் படகில் போகவிருந்த பக்கத்து வீட்டுப் புதுப்பெண்ணும், எங்களைப் பார்த்து, மீதி விழுதில் தன் தங்கையோடு கை சேர்த்துக்கொண்டாள்.

வத்தை அக்கரை சேரவில்லை.

மூன்றாம் நாள் மாரியூர்க் கரையில் ஒரு பெண் மய்யித்து ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. உள்ளங்கையில் மட்டும் மருதாணிக் கிளை. வத்தை மூழ்கிய செய்தி கேட்ட அன்றே பக்கத்து வீட்டுத் தங்கை, மருதாணி என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கையை மணலில் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தாள். ஒத்துப் பார்க்க என் கைதான் மிச்சம்.

மய்யித்தைக் குளிப்பாட்டக் கட்டிய மறைப்புக்கு வெளியே இரண்டு தாய்மாரும் நின்றார்கள். "பாத்துச் சொல்லும்மா, நம்ம புள்ளதானே? அடக்கிவச்சு அழ ஒரு கபுராவது கிடைக்கட்டும்" என்றாள் உம்மா.

என் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் விரித்தேன். தோல் ஊறி உப்பியிருந்தது. அடியில் தடித்த கிளை ஒத்தது போலிருந்தது. சுண்டுவிரல் பக்கம் எனக்கு மூன்று கிளை. அங்கே இரண்டுதான். மூன்றாவது தோலோடு உரிந்திருக்கலாம். இல்லாமலே இருந்திருக்கலாம்.

"லாத்தாதான்" என்றேன். கேட்டதும் உம்மா உட்கார்ந்துவிட்டாள். மற்றவள் கடலைப் பார்க்கத் திரும்பி நடந்தாள்.

எங்கள் ஆட்களின் கபுருகளுக்குப் பக்கத்தில் அடக்கினோம். பிறகு அந்தத் தாய் தினமும் வந்தாள். "கைய ஒருக்காக் காட்டும்மா, பாத்துட்டுப் போறேன்" என்பாள். நான் விரலை மடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். சிவப்பு மங்கியது. மற்றதெல்லாம் போன பிறகும் சுண்டுவிரல் பக்கத்து மூன்றாவது கிளை மட்டும் சில நாள் நின்றது. அதுவும் அழிந்த அன்றைக்குத்தான் அவள் முன்னால் கையை விரித்தேன்.