'ரெண்டு' என்று சொன்ன குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு டென்சிலுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் பெங்களூர் ஆபீசில் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பான்.

போன பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜஸ்தான் போக லீவு கிடைக்காதவனுக்குத் தங்கவயலிலேயே பாலைவனம் உண்டு. சுரங்கக் கழிவு மணல் மலையாய்க் குவிந்த சயனைடு மேடு. கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் டென்சில், மனைவி ஐடா, தம்பி நோயல் மூவரும் ரோட்டில் காரை விட்டுவிட்டு, டென்ட்டும் பிரியாணி டப்பாவுமாக ஏறிவிட்டார்கள். சரிவில் சறுக்கினார்கள், படம் எடுத்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள். இரவும் அங்கேதான் என்று திட்டம்.

மாலை 5.20. சூரியன் இறங்குவதைப் படம் எடுக்க நோயல் மேட்டின் மறுபக்கம் போனான்.

5.35. காற்று கிளம்பியது. எழுந்த புழுதியில் நீட்டிய கை தெரியவில்லை. டென்ட் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"நோயல்! எங்கடா கீற?"

பதில் இல்லை. போனும் போகவில்லை. மறுபக்கம் முழுக்க மழை அரித்த பள்ளங்கள். அம்மா போனபிறகு டென்சில் கையில் வளர்ந்த பிள்ளை நோயல்.

அப்போதுதான் அப்பா சிரிலின் பழக்கம் ஞாபகம் வந்தது. அவர் சுரங்கத்தில் மேஸ்திரி. ஷிப்ட் முடிந்தால் இருட்டில் ஆள் எண்ணுவார். பேர் கிடையாது, அவரவர் நம்பரை வரிசையாகச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் வரும்வரை யாரும் நகரக்கூடாது. வந்துவிட்டால் யாரும் திரும்பக்கூடாது. வீட்டிலும் அதே சட்டம். டென்சில் ஒண்ணு, நோயல் ரெண்டு, கல்யாணமாகி வந்த ஐடா மூணு.

5.52. "ஒண்ணு!" என்று கத்தினான்.

காற்று மட்டும்...

"ஒண்ணு!"

"...ரெண்டு."

நோயல் குரலேதான். கீழே, ரோட்டுப் பக்கமிருந்து. கடவுளே என்று டென்சில் அழுதேவிட்டான்.

"மூணு," என்றாள் ஐடா. இறங்கினார்கள்.

"ஏங்க, அவன் அந்தப் பக்கம் இல்ல போனான்?"

"நம்பர் வந்துச்சு இல்ல? நட."

"ஒண்ணு!"

"...ரெண்டு."

எப்போதும் பத்தடி முன்னால். புழுதியில் இருவரும் இருமித் தள்ளினார்கள். அந்தக் குரல் ஒருமுறைகூட இருமவில்லை.

6.10. ரோடு. காற்று சட்டென்று நின்றது.

கார் இருந்தது.

நோயல் இல்லை.

மணலில் காலடி இரண்டு பேருடையது மட்டும்...

டென்சில் திரும்பி ஓடினான். விழுந்தான். தவழ்ந்தான். தம்பியை விட்டுவிட்டு வந்தேனே என்று வாய்விட்டுக் கதறினான்.

7.05. மறுபக்கப் பள்ளத்தில், மார்புவரை மணலில் புதைந்து கிடந்தான் நோயல். மூச்சு இருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"நான் கூப்ட்டது கேக்கலியாடா?"

"கேட்டுச்சுண்ணா. சொல்றதுக்கு வாயத் தொறந்தேன். பின்னால இருந்து யாரோ பொத்திக்கினாங்க. ரோட்டுப் பக்கம் இருந்து என் குரல்லயே பதில் போச்சு."

"அப்புறம்?"

"நீங்க எறங்கிட்டீங்க. பள்ளத்துக்குள்ள, பொத்தினவங்க எண்ண ஆரம்பிச்சாங்க, அப்பா ஷிப்ட் முடிஞ்சா எண்ற மாதிரியே. ஒண்ணு, ரெண்டுன்னு... ஒவ்வொண்ணும் வேற வேற குரல். பதினேழோட நின்னுபோச்சு. அப்பதான் என் வாயில இருந்து கைய எடுத்தாங்க."

டென்சில் அவன் கையைப் பிடித்தான். சில்லென்று இருந்தது.

"நீ இன்னாடா பண்ண?"

"பதினெட்டுன்னு சொல்லிட்டேண்ணா."