கண்ணாடி வளையம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் நானும் மாமனாரும் இருந்த சீட்டில் மூன்றாவதாக உட்கார்ந்தவர் ஒரு நரைமீசைக்காரர். பஸ் நிற்கும்போதெல்லாம் தன் மைப்பேனாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் சட்டைப்பையிலும் அதே கம்பெனிப் பேனாவைக் கண்டதும் பேச்சுக் கொடுத்தார்.

"இந்தக் கம்பெனில ரெண்டு மாடல் சார், பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். ஒசந்ததுல மட்டும் மூடிக்குள்ள மை தெரியறதுக்குக் கண்ணாடி வளையம் கீது."

பேனாவை நீட்டினேன். "இவர் என் மாமனார். தலைதீபாவளிக்கு வாங்கித் தந்தார். இது எந்த மாடல்?"

மூடியைத் திருகினார். வளையம் இல்லை. மாமனார் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒசந்ததுதான் சார்" என்று சட்டென மூடிவிட்டார்.

மாமனார் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கொடுத்தவர் எதிரிலேயே தரம் பார்க்க நீட்டியிருக்கிறேன். இறங்கும்வரை அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.